எரித்து எழுதிய தகடுகள்

வீட்டுக் கணினியில் ஒரு படத்தைக் குறுந்தகட்டில் பதிவதற்கு ஆங்கிலத்தில் 'பர்ன்' என்று பெயர். தமிழில் கணினி பற்றி எழுதியவர்களில் சிலர் அதை 'எரித்தல்' என்றே பெயர்த்தார்கள். கடைத்தெரு அதை ஏற்கவில்லை, அங்கே 'சி.டி. ரைட் பண்றது' என்பதே நிலைத்தது. நம் மொழியில் எரிப்பது என்றால் இல்லாமல் ஆக்குவது. எழுதுவது என்றால் இருக்கச் செய்வது. கருவியிலிருந்து வெளிவந்த தகட்டின் மீது பேனாவால் பெயரும் தேதியும் குறித்து அலமாரியில் அடுக்கியவர்கள் அனைவரும் எழுதுகிறோம் என்ற நம்பிக்கையில்தான் அதைச் செய்தார்கள். ஏறத்தாழ 1995 முதல் 2010 வரை நீடித்த அந்தச் சிறு யுகத்தை இன்று திரும்பிப் பார்த்தால், இரண்டு சொற்களுமே பலித்துவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டுகளில் வீடியோ கேசட்டிலிருந்து தகட்டுக்கு மாற்றப்பட்ட திருமணங்கள், பள்ளி ஆண்டுவிழாக்கள், நாடகங்கள், கூத்துகள், இலக்கியக் கூட்டங்கள் ஏராளம். மாற்றி முடித்த பிறகு கேசட்டுகள் பெரும்பாலும் பழைய பொருட்கள் வாங்குபவரிடம் போய்ச் சேர்ந்தன. ஆகவே தகட்டில் எது மிஞ்சியது, எது மிஞ்சவில்லை, ஏன் என்ற வினாக்களைத் தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ளவர்களுக்கு மட்டும் உரியவையாக விட்டுவிட முடியாது. அண்மைக்கால நினைவின் ஒரு பெரும்பகுதி என்ன ஆயிற்று என்பதும் அவற்றுள் அடங்கியிருக்கிறது.

பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அது இசைக்காகப் பிறந்த பொருள். விநாடிக்கு ஏறத்தாழ 14 லட்சம் பிட்டுகள் என்ற வேகத்தில் 74 நிமிட இசையைத் தாங்கும். அவ்வளவே அதன் கொள்ளளவு. படத்துக்கு இந்த வேகம் எவ்வகையிலும் போதாது. தொலைக்காட்சிப் படத்தின் கால்பங்கு அளவான 352க்கு 288 படப்புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டகங்கள் என்று மிகச் சிக்கனமாகக் கணக்கிட்டால்கூட விநாடிக்கு 3 கோடி பிட்டுகள் தேவை. யானையைப் பானைக்குள் அடைக்கும் வேலை அது. அடைக்க வழிசெய்தது ஒரு கணித முறை.

அம்முறையின் பின்னணி நம்மவர்கள் அதிகம் பேசாத ஒன்று. பெங்களூரில் பிறந்து, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த நசீர் அகமது, 1972-ல் ஒரு புதிய உருமாற்றத்தை ஆராய அந்நாட்டின் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி கேட்டு விண்ணப்பித்தார். நிதி கிடைக்கவில்லை. யோசனை மிக எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் மதிப்பீட்டாளர் ஒருவர் கருத்துரைத்திருந்ததை அகமதுவே பின்னாளில் நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். ஆயினும் அவர் விடவில்லை. டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய சிறிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. தனிநிலைக் கொசைன் உருமாற்றம் என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அதன் சாரம் இது. படத்தை 8க்கு 8 படப்புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவையும் தனித்தனியே குறிப்பதற்குப் பதிலாக, அந்தக் கட்டத்தைச் சில அலைகளின் கூட்டாக எழுதுவது. பெரிய, மெதுவான அலைகளைக் கண் நன்றாக உணரும். மிக நுண்ணிய அலைகளை அவ்வளவாக உணராது. ஆகவே நுண்ணியவற்றை மழுக்கலாம், விட்டும்விடலாம். புகைப்படங்களைச் சுருக்கும் ஜேபெக், திரைப்படத்தைச் சுருக்கும் எம்பெக் இரண்டுமே இந்த அடித்தளத்தின்மேல் எழுந்தவை. இத்தாலியப் பொறியாளர் லியோனார்டோ கியாரிலியோனேயும் ஜப்பானியரான ஹிரோஷி யசுதாவும் முன்னின்று 1988-ல் தொடங்கிய எம்பெக் குழு, இதனுடன் இன்னொரு உபாயத்தையும் சேர்த்தது. ஒவ்வொரு சட்டகத்தையும் முழுமையாக எழுதாமல், அவ்வப்போது ஒரு முழுச் சட்டகமும் இடையில் மாற்றங்கள் மட்டுமும் எழுதுவது. பேசும் முகத்தின் பின்னால் அசையாமல் நிற்கும் சுவரை விநாடிக்கு 25 முறை எழுத வேண்டியதில்லை அல்லவா?

எம்பெக்-1 விநாடிக்கு 15 லட்சம் பிட்டுகளைக் குறிவைத்ததற்குக் காரணம் வேறொன்றுமில்லை, இசைத்தகட்டின் வேகம் ஏறத்தாழ அவ்வளவுதான். 1993-ல் வகுக்கப்பட்ட வீடியோ சி.டி. முறையில் படத்துக்கு 11.5 லட்சம் பிட்டுகள் ஒதுக்கப்பட்டன. 3 கோடி, 11.5 லட்சமானது, அதாவது 26-ல் ஒரு பங்கு. ஹாலிவுட் இதைப் பொருட்படுத்தவில்லை. சீனாவும் தென்கிழக்காசியாவும் இந்தியத் துணைக்கண்டமும் இருகை நீட்டி வரவேற்றன. நம்முடைய இரண்டரை மணி நேரப் படங்கள் இரண்டு தகடுகளில் அடங்கின. தகடு மாற்றும் நேரம் பல படங்களில் இடைவேளையை ஒட்டியே வந்தது.

அடக்கியதில் என்னென்ன விட்டுப்போயின என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியத் தொலைக்காட்சி முறையில் விநாடிக்கு 25 சட்டகங்கள் என்றாலும் ஒவ்வொன்றும் இரு பாதிகளாக, ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் ஒருமுறை என, வெவ்வேறு கணங்களில் பதிவாகும். ஆகவே வீடியோ கேசட்டில் இருந்தது விநாடிக்கு 50 கணங்களின் அசைவு. வீடியோ சி.டி.யின் 288 வரிகளில் ஒரு பாதிக்கே இடம். நடனமாடிய கையின் பாதி அசைவுகள் அந்த மாற்றத்திலேயே போயின. கேசட்டையும் எறிந்துவிட்டால் அவற்றைத் திரும்பப் பெற வழியே இல்லை. இரண்டாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. குறுந்தகட்டில் கணினித் தரவுகளை எழுதும்போது 2352 பைட்டுகள் கொண்ட ஒவ்வொரு துண்டிலும் 2048 பைட்டுகளே தரவு. எஞ்சியதன் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்கானது. வீடியோ சி.டி.யில் தரவு 2324 பைட்டுகளாகிறது. படம் ஒரு பொட்டு கெட்டால் பாதகமில்லை என்று கருதி, பிழைதிருத்தக் காவலின் ஓர் அடுக்கையே அங்கே நீக்கிவிட்டார்கள். கீறல் விழுந்த விசிடியில் மணமக்களின் முகம் சதுரங்களாகச் சிதறி உறைந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். நசீர் அகமதுவின் கட்டங்கள்தாம் அவை, காவல் இழந்த நிலையில்.

இதுவரை சொன்னது ஆலைகளில் அச்சிட்ட தகடுகளுக்கும் பொருந்தும். வீட்டில் எழுதும் தகடு வேறு இனம். ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988-ல் அதை உருவாக்கியது. அச்சிட்ட தகட்டில் பள்ளங்கள் இருக்கும். எழுதுதகட்டில் உள்ளதோ மெல்லிய சாயப்படலம். அதன்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் வெள்ளி அல்லது தங்கப் படலம். லேசர் கதிர் சாயத்தைச் சூடாக்கி அந்த இடத்தை நிரந்தரமாக மாற்றிவிடும். படிக்கும் கருவி அதைப் பள்ளம் என்றே நம்பிவிடும். எரித்தல் என்ற பெயர் இப்படி வந்ததுதான். ஐந்து கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஒரே சுருள் கோட்டில், உள்ளிருந்து வெளிநோக்கி அந்தச் சூடு நகர்ந்துகொண்டே போகும்.

தொடக்கத்தில் இக்கருவிகள் நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்தன. 1995-ல் ஹியூலெட் பேக்கார்டின் கருவி ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தபோதுதான் வீடுகளுக்கான கதவு திறந்தது. அப்போதும் பொறுமை தேவைப்பட்டது. ஒற்றை வேகத்தில் 74 நிமிடத் தகட்டை எழுத 74 நிமிடங்கள் ஆகும். அந்த நேரம் முழுவதும் கணினி தரவை இடைவிடாது ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் வேறொரு நிரல் விழித்துக்கொண்டாலோ கணினி சற்றுத் திணறினாலோ கருவியின் தற்காலிக நினைவகம் காலியாகி, தகடு பாழாகும். பாழான தகடுகள் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்க உதவின. எழுதுவதை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடரும் முறையை 2000-ல் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த பிறகுதான் இந்த அவதி தீர்ந்தது.

எழுதுவதற்கு முன்னால் கோப்பை மாற்றும் வேலை அதைவிட நீண்டது. கேமராவிலிருந்து டிஜிட்டல் வடிவில் எடுத்த ஒரு மணி நேரப் படம் 13 ஜிகாபைட் வரை இடம் பிடிக்கும். 1990களின் இறுதியில் பல வீட்டுக் கணினிகளின் மொத்த வன்தட்டே அந்த அளவுதான். மாற்றும் பணியை இரவில் தொடங்கிவிட்டு விடிந்ததும் வந்து பார்ப்பதுதான் வழக்கம். இதற்கான கருவிகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் தனிமனிதர்கள். வெட்டவும் ஒட்டவும் எளிதான 'வர்ச்சுவல்டப்' நிரலை எழுதத் தொடங்கியபோது அவெரி லீ கல்லூரி மாணவர். எம்பெக் கோப்புகளை மிக நேர்த்தியாகச் செய்துகொடுத்த 'டிஎம்பெக்என்க்' ஜப்பானியரான ஹிரோயுகி ஹோரியின் ஆக்கம். அதன் இலவசப் பதிப்பில் எம்பெக்-1 எப்போதும் இயங்கும். எம்பெக்-2 மட்டும் 30 நாட்களில் நின்றுவிடும். காப்புரிமைக் கட்டணம் அந்த அளவுக்கு நிரலின் உடம்பிலேயே பதிந்திருந்தது. பிரான்சில் ழெரோம் ரோட்டா, மைக்ரோசாஃப்டின் எம்பெக்-4 கோடெக்கை அதன் வேலிக்கு வெளியே இயங்கும்படி மாற்றி 'டிவ்எக்ஸ்' என்று வெளியிட்டார். அமெரிக்காவில் தோற்றுப்போன ஒரு வாடகை டிவிடித் திட்டத்தின் பெயரை வேண்டுமென்றே எடுத்து, பக்கத்தில் கண்சிமிட்டும் குறியையும் போட்ட கேலிப் பெயர் அது. முழுநீளப் படம் ஒன்று ஒரே குறுந்தகட்டில் ஓரளவு நல்ல தரத்தில் அடங்கியது இதனால்தான்.

எழுதும் மென்பொருள்களில் புகழ்பெற்றது 1997-ல் ஜெர்மனியிலிருந்து வந்த 'நீரோ பர்னிங் ராம்'. ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்று சொல்லப்படும் நீரோவை வைத்துச் செய்த சிலேடை. அதன் சின்னத்தில் கொலோசியம் தீப்பற்றி எரிந்தது. ரோம் எரிந்தது கி.பி. 64-ல், கொலோசியம் திறக்கப்பட்டது 80-ல். இல்லாத கட்டடம் எரிந்துகொண்டிருந்த அந்தப் படத்தைப் பல நாடுகளின் வீடுகளில் தினமும் சொடுக்கினார்கள்.

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் வெளியானபோது, திரைத்துறை இம்முறை விழிப்போடு இருந்தது. படங்களுக்கு 40 பிட் அளவிலான ஒரு பூட்டு போடப்பட்டது. உலகம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு இந்தியா 5-ஆம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. பூட்டு மூன்றாண்டுகளில் உடைந்தது. 1999 அக்டோபரில் வெளியான 'டிசிஎஸ்எஸ்' என்ற சிறு நிரலின் பின்னால் இருந்த மூவரில் பெயர் வெளிப்பட்டவர் நார்வேயைச் சேர்ந்த 15 வயது யோன் லெக் யொஹான்சன் மட்டுமே. அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய படத்தைத் திறந்து பார்ப்பது குற்றமாகாது என்று 2003 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது; அவ்வாண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அத்தீர்ப்பே நின்றது. அமெரிக்காவிலோ, பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்நிரலை வெளியிட்ட இதழ் ஒன்றுக்கு 2000 ஆகஸ்டில் தடை விதிக்கப்பட்டது.

அதற்கு எழுந்த எதிர்ப்பு இலக்கிய வாசகர் அறிந்திருக்க வேண்டியது. நிரல் என்பதும் எழுத்துதானே, எழுத்தைத் தடை செய்யலாமா என்பது அடிப்படை வாதம். நிரலைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தார்கள். அந்நிரலைத் தன்னுள் பொதிந்த ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தார்கள். சேத் ஷோயென் என்பவர் 2001-ல் பூட்டு திறக்கும் முறை முழுவதையும் நூற்றுக்கணக்கான ஹைக்கூக்களாக எழுதினார். கவிதையைத் தடை செய்யுங்கள் பார்ப்போம் என்பது அதன் உட்பொருள். ஆயினும் வணிக நிறுவனங்கள் தப்பவில்லை. டிவிடியைப் படியெடுக்கும் மென்பொருள் விற்ற 321 ஸ்டூடியோஸ் 2004 பிப்ரவரியில் வழக்கில் தோற்று, ஆகஸ்டில் கடையை மூடியது.

தமிழகத்தில் விவகாரம் வேறு முகம் கொண்டது. கணினியும் எழுதும் கருவியும் மலிந்த பிறகு, படம் வெளியான சில நாட்களில் தகடு தெருவுக்கு வந்தது. 2004-ல் குண்டர் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, திருட்டு வீடியோக்காரர்களையும் அதில் சேர்த்தார்கள். விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கலாம். திரைத்துறையின் பாதிப்பு உண்மையானது, மறுக்க முடியாது. ஆனால் ஒரே கருவியால் செய்யப்படும் இரு வேறு காரியங்கள், புதுப் படத்தைத் திருடி விற்பதும் தாத்தாவின் குரலைக் காப்பதும், பொதுப் பேச்சில் ஒன்றாகக் குழம்பின. 'காப்பி' என்ற சொல்லுக்கே ஒரு குற்றவாசனை ஏறியது. 2012-ல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இங்கே சற்றுத் தெளிவானது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலை அது அனுமதிக்கிறது. பூட்டை உடைப்பதையும் உரிமையை மீறும் நோக்கம் இருந்தால் மட்டுமே குற்றமாகக் கொள்கிறது. அத்தெளிவு வந்தபோது தகட்டின் காலம் முடியத் தொடங்கியிருந்தது.

அந்த முடிவின் வேகத்துக்கு மோசர் பேர் நிறுவனமே சான்று. 1983-ல் நேரப்பதிவுக் கருவிகளோடு தொடங்கிய இந்த இந்திய நிறுவனம், பின்னர் உலகின் மிகப்பெரிய எழுதுதகட்டு உற்பத்தியாளர்களுள் ஒன்றாக வளர்ந்தது. 2007-ல் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டுத் தகட்டோடு விலையிலேயே போட்டியிட்டது. 2018 செப்டம்பரில் அதைக் கலைத்து விற்க நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. 2008-ல் ஆப்பிளின் மெல்லிய மடிக்கணினி தகட்டுக் கருவி இல்லாமலே வந்தது, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய புளூ-ரே தகடுகளின் உற்பத்தியைச் சோனியே நிறுத்தியது.

நிற்க. அலமாரியில் இருக்கும் தகடுகளுக்கு வருவோம். எழுதுதகடு 100 முதல் 200 ஆண்டுகள் வரை நிலைக்கும் என்று உற்பத்தியாளர்கள் சொன்னதை, அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் 2003-ல் வெளியிட்ட கையேடு பதிவு செய்கிறது. ஆனால் அக்கணக்கு குளிர்ந்த, உலர்ந்த, இருண்ட இடத்தில் முறைப்படி வைத்த தகட்டுக்கானது. சாயம் என்பது சாயம்தான். வெயிலும் வெக்கையும் ஈரமும் அதை வெளிறச் செய்யும். நம் ஊர் கோடையில் பீரோவின் மேல்தட்டில் கிடந்த தகட்டுக்கு அந்த வாக்குறுதி செல்லாது. இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. குறுந்தகட்டின் தரவு பளபளக்கும் பக்கத்தைவிடப் பெயரெழுதும் பக்கத்துக்கே மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. காப்பதற்காகப் பெயரெழுதிய பேனாவின் கூர்முனையும், ஒட்டிய காகிதமுமே தகட்டைக் கெடுத்துவிடக்கூடும்.

தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியன்று. பனையோலை அழியும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்; ஆகையால் அவர்கள் ஓலையை நம்பவில்லை, படியெடுப்பதை நம்பினார்கள். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை எவரோ அமர்ந்து பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுத்தாணியால் கீறியதால்தான் நூல்கள் பிழைத்தன. 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடியது ஒரே நூலின் பல படிகளைத்தான். படியெடுப்பு நின்ற நூல்கள் செல்லுக்கு இரையாயின. தகட்டை எழுதியவர்கள் ஏட்டை எழுதிவிட்டுக் கல்வெட்டு வெட்டியதாக நம்பிவிட்டார்கள். பிழை அவர்களுடையது என்று சொல்வதற்கில்லை. 200 ஆண்டுகள் என்று சொன்னது உற்பத்தியாளர்கள்.

ஏட்டுக்கும் தகட்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. ஏட்டை எவ்வளவு கவனமாகப் படியெடுத்தாலும் பாடபேதம் நுழையும். கணினிக் கோப்பை அப்படியே படியெடுத்தால் ஒரு பிட்டுகூட மாறாது. மாற்றம் நேர்வது வடிவம் மாற்றும்போதுதான். ஒவ்வொரு மாற்றத்திலும் மீண்டும் ஒருமுறை சுருக்கம், மீண்டும் ஓர் இழப்பு. கேசட்டிலிருந்து விசிடி, விசிடியிலிருந்து டிவ்எக்ஸ், அதிலிருந்து கைப்பேசிக்கான கோப்பு என்று மூன்று முறை மாறி வந்த படத்தில் முகம் தெரியும், முகத்தின் சுருக்கங்கள் தெரியா. ஆகவே இன்று தகடுகளை மீட்க விரும்புவோர் முதலில் உள்ளதை உள்ளபடியே படியெடுக்க வேண்டும். டிவிடியாக இருந்தால் முழுத் தகட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். விசிடியாக இருந்தால் அதிலுள்ள 'எம்பெக்ஏவி' கோப்புறையில் இருக்கும் பெரிய கோப்புகளை எடுக்க வேண்டும். ஒரு கருவியில் ஓடாத தகடு இன்னொன்றில் ஓடுவதுண்டு. பழைய டெஸ்க்டாப் கருவிகளைத் தூக்கியெறிய வேண்டாம். எழுத்துப் பக்கத்தில் ஓட்டை விழாதவரை நம்பிக்கை இருக்கிறது. எடுத்ததை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வேறு வீடுகளில் வைப்பது நல்லது. பார்ப்பதற்கு வசதியான சிறிய கோப்பைப் பிறகு அதிலிருந்து செய்துகொள்ளலாம்.

அதற்கான கருவிகள் இன்றும் இருக்கின்றன என்பதுதான் இந்த வரலாற்றின் ஆறுதல். தகடு செய்த ஆலைகள் மூடப்பட்டன. ஆனால் 2000-ல் பிரெஞ்சு நிரலாளர் ஃபாப்ரீஸ் பெல்லார் தொடங்கிய 'எஃப்எஃப்எம்பெக்' இன்றும் விலையின்றிக் கிடைக்கிறது. அன்றைய எல்லா வடிவங்களையும் அது ஏறத்தாழ வாசித்துவிடும். எம்பெக்-2 மீதான கடைசி அமெரிக்கக் காப்புரிமை 2018 பிப்ரவரியில் காலாவதியாகிவிட்டது. கணிதம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பூட்டு எப்போதோ உடைந்துவிட்டது. காத்திருக்காதது சாயம் மட்டுமே. இந்த ஆண்டு ஓடும் தகடு அடுத்த ஆண்டு ஓடாமல் போகலாம். வீட்டில் ஒரு பெட்டியில் தகடுகள் இருக்குமானால், அவற்றில் உள்ளவர்களின் பெயர் சொல்லக்கூடிய பெரியவர்கள் உடன் இருக்கும்போதே அதைத் திறந்துவிடுவது நல்லது.